பத்து மணி பஸ்ஸில் ஒரு கேரியர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு நல்ல பேர் இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்கு மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் ஒன்றை வைத்துவிட்டு இறங்குவேன். கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் என் மனைவிக்கு மதியச் சாப்பாடு அது. சமைத்தது நான். சாம்பார், ஒரு பொரியல், வியாழக்கிழமை என்றால் முட்டைக் குழம்பு. பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கும் அம்மா தன் மருமகனைத் திட்டும்போதெல்லாம் என்னைக் கைகாட்டித்தான் திட்டுவார்.

"அந்த மிக்ஸிக் கடைக்காரர பாரு. பொண்டாட்டிக்கு ஆக்கி பஸ்ஸுல அனுப்பறாரு. நீ துன்ன தட்டக்கூட எடுக்க மாட்ற."

நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டே கடைக்குப் போவேன். கூச்சமாக இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் ஜிலுஜிலு என்று இருக்கும். அந்த நல்ல பேரில் பாதி பொய் என்று எனக்கு அப்போதே கொஞ்சம் தெரியும். முழுக்கத் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆனது.

என் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் ரிப்பேர். மனைவி கிராம சுகாதார செவிலியர். ஊர்ப் பேச்சில் நர்சம்மா. முதலில் அவளுக்குச் சமவெளியில்தான் வேலை, சாயந்திரம் ஐந்தரைக்கு வீட்டில் இருப்பாள். மகள் பிறந்து இரண்டு வருஷம் கழித்து மலைக்குப் போட்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறி, வெள்ளிமலையும் தாண்டிப் போக வேண்டும். தினமும் போய்வர முடியாது. சுகாதார நிலையத்தோடு சேர்ந்த குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயந்திரம் இறங்குவாள், திங்கட்கிழமை விடிகாலை ஆறு மணி பஸ்ஸில் ஏறுவாள். அந்த ஊரில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் செல்போனில் ஒரு கோடு சிக்னல் வரும். மகள் என்னோடு கள்ளக்குறிச்சியில். காலையில் நர்சரிப் பள்ளி, மத்தியானத்துக்கு மேல் என் கடை.

இப்போது கேரியர் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாடு ஒரு சாக்குதான். எனக்கு வேண்டியது அந்தக் கேரியரில் அவள் எழுதித் திரும்பி வரும் சீட்டு. பஸ் மேலே அரை மணி நேரம் நிற்கும். அதற்குள் அவள் சாப்பாட்டைத் தன் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டு, காலிக் கேரியரை அதே பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். மூன்றரை மணிக்கு அது என் கையில் இருக்கும். இந்த விதியைப் போட்டவன் நான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டாள். நெருக்கினால் வாயை மூடிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும் ரகம். சின்ன வயசிலேயே நான்கு தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தவள். தனக்கு என்ன வேண்டும் என்று யாரிடமும் சொல்லிப் பழக்கம் இல்லை.

சீட்டில் நாலு வரி இருந்தால் எனக்கு அன்றைக்குப் பொழுது நல்ல பொழுது. ராத்திரிக்குத் தோசை சுட்டு மகளோடு பாட்டுப் பாடிக்கொண்டு சாப்பிடுவேன். இரண்டு வரி இருந்தால், என்ன கோபம், யார் என்ன சொன்னார்கள் என்று மண்டை ஓட ஆரம்பிக்கும். சீட்டே இல்லாமல் கேரியர் வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. காது சுடும். ஸ்க்ரூ டிரைவர் கையில் நிற்காது. கண்டக்டருக்கு போன் போட்டு, "எங்க வூட்ல நல்லாதானே இருந்தாங்க? மூஞ்சி எப்படி இருந்திச்சு?" என்று கேட்டிருக்கிறேன். அவர் பாவம், ஐம்பது பேருக்கு டிக்கெட் கிழிக்கிறவர், என் மனைவியின் மூஞ்சி எப்படி இருந்தது என்று எதற்குப் பார்க்கிறார்? ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் நம்பர்கூட வாங்கி வைத்திருந்தேன். நோயாளிக்காக இல்லை, எனக்காக.

மிக்ஸியின் அடியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும். அளவுக்கு மேல் சூடானால் அது தட்டி வெளியே வந்து மெஷினை நிறுத்திவிடும். பாதிப் பேர் மிக்ஸி செத்துவிட்டது என்று பதறிப்போய்க் கடைக்குத் தூக்கி வருவார்கள். நான் திருப்பிக் காட்டி, "ஒண்ணும் ஆகல. பத்து நிமிஷம் வுடுங்க, ஆறட்டும். அப்புறம் இத அமுக்குங்க, ஓடும். சூட்டோட சூடா அமுக்கிக்கினே இருந்தாதான் மோட்டார் காயில் கருகிப் போயிடும்" என்பேன். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்காவது இதைச் சொல்கிறேன். ஆனால் எனக்குச் சூடேறினால் பத்து நிமிஷம் விடத் தெரியாது. அடுத்த நிமிஷமே அவள் வந்து என்னை ஆற வைக்க வேண்டும், அதுவும் மலைமேல் இருந்துகொண்டு. ஊரில் இதற்குப் பொண்டாட்டிதாசன் என்று ஒரு பேர் உண்டு, கேலியாகச் சொன்னாலும் பாசமாகத்தான் சொல்வார்கள். நானும் இதைக் காதல் என்றே நினைத்திருந்தேன். காதல் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் வேண்டும் என்பது வேறு, என் நெஞ்சு படபடப்பு அடங்க அவள் வேண்டும் என்பது வேறு. இரண்டையும் ஒரே கேரியரில் அடுக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் ஊர் நைனார்பாளையம் பக்கம். அப்பா அம்மா நிலமில்லாதவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள். பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் மேஸ்திரியின் லாரி வரும். ஏறிப் போனால் ஆடி பிறக்கும்போதுதான் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் இருப்பதால் என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். பெரியம்மா நல்லவர், ஒரு வேளைகூட என்னைப் பட்டினி போட்டதில்லை. பிரச்சினை அது இல்லை. எங்கள் தெருவில் யாரும் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு லாரி ஏற மாட்டார்கள். சொன்னால் பிள்ளை அழும். அதனால் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் தூங்கும்போது கிளம்புவார்கள். அதுதான் பிள்ளைக்கு நல்லது என்று எல்லாரும் நம்பினார்கள். ஒரு வருஷம் என்னைப் பொரி உருண்டை வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு ஓடி வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. அப்போது எனக்கு ஆறு வயசு. இன்றைக்கும் பொரி உருண்டை என் வாயில் இறங்காது.

அடுத்த வருஷம் நான் உஷாராகிவிட்டேன். பொங்கல் முடிந்த அன்றிலிருந்து அம்மாவின் புடவை முந்தானையை என் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். இரண்டு முடிச்சு. ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்துப் பார்த்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. அப்பாடா என்று இழுத்துப் பார்த்தால், கையில் கட்டியிருந்தது முந்தானை இல்லை, அப்பாவின் துண்டு. அம்மா முடிச்சை அவிழ்த்து, அதே மாதிரி இரண்டு முடிச்சாகத் துண்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

அதற்கப்புறம் நான் யார் கிளம்பினாலும் வாசலில் போய் நிற்பவனாக ஆனேன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி காய்கறி வாங்கக் கிளம்பினால்கூட, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்பேன். அவள் என் தலையைக் கோதிவிட்டுச் சிரிப்பாள். மலைக்குப் போட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதும் சமயம் வந்தது. அவள் எழுதவில்லை. நானே கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், கீழே ஏதாவது ஓர் ஊர் கிடைத்துவிடும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதை விட்டால் இன்னும் ஒரு வருஷம் அவள் மலையில். "போடறேன், போடறேன்" என்று மூன்று வாரம் தள்ளினாள். கடைசி நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது, "நாளைக்குக் காலையில போடறேன்" என்றாள்.

திங்கட்கிழமை நான் கண் விழிக்கும்போது மணி ஆறேகால். வீட்டில் சத்தமே இல்லை. ஆறு மணி பஸ் போயிருக்கும். வழக்கமாக நான்தான் அவளை பஸ் ஏற்றிவிடுவேன், ஒரு திங்களும் தவறியதில்லை. அவள் அலாரத்தை அணைத்துவிட்டு, என்னை எழுப்பாமல் போயிருக்கிறாள். அடுக்களையில் இட்லி மூடி வைத்திருந்தது. ஃபிரிட்ஜில் விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் இருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் நைட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்குவாள். அவள் கைக்குள் இப்போது ஒரு பழைய நைட்டி சுருட்டித் திணித்திருந்தது.

அதைப் பார்த்ததும் நான் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துண்டு.

இதில் எனக்கு இன்னொரு அடி விழுந்தது. மகள் தூங்கும்போதே அம்மா கிளம்பிவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஏற்பாடு செய்திருந்தவன் நான்தான். என்றைக்காவது அவள் விழித்துக்கொண்டால் டிவியில் பொம்மைப் படம் போட்டு உட்கார வைத்துவிட்டு, அந்தப் பக்கம் மனைவியைக் கிளப்பிவிடுவேன். பழைய நைட்டியைக் கைக்குள் வைக்கிற யோசனைகூட என்னுடையதுதான். குழந்தை அழுமே என்று.

புத்தி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிமிஷம் வந்தது கோபம்தான். மகளைப் பள்ளியில் விட்டு, சாயந்திரம் வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, கடையைத் திறக்காமல், விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்குச் சமைக்கவில்லை. கேரியருக்குப் பதில் நானே போனேன். கண்டக்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இன்னிக்கு பார்சல் பெருசா இருக்குது?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது நான் என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். பன்னிரண்டரைக்கு பஸ் அவள் ஊரில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடை பார்க்கும் மெஷினும் பிரஷர் பார்க்கும் கருவியும் இருக்கும் பெரிய பை. பஸ் நின்றதும் எழுந்து, படிக்கட்டுப் பக்கம் வந்து, உள்ளே பார்க்காமலே கையை நீட்டினாள். இரண்டு வருஷமாக நீட்டிப் பழகிய கை. அந்த முகத்தில் கோபம் இல்லை, அலுப்பும்கூட இல்லை. கரண்டு பில் கட்டும் வரிசையில் நிற்கிறவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் படியில் இறங்கி நின்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

அவளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயசு இருக்கும், தலையில் துண்டு. "நர்சம்மா, கேரியர் வந்துடுச்சா? போலாமா?" என்றார். அவர் இன்னும் மேலே உள்ள ஊர்க்காரர். அவர் மகள் எட்டு மாசக் கர்ப்பம், கால் வீங்கி, தலைவலியாக இருக்கிறது என்று காலை பத்து மணிக்கே வந்து நிற்கிறாராம். கேரியர் வந்து, சீட்டு எழுதி அனுப்பின பிறகுதான் நர்சம்மா மேலே ஏறுவார் என்பது அந்த மலைக்கே தெரிந்திருந்தது. அவரும் குறை சொல்லாமல் இரண்டரை மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்த கேரியர் சாருங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அதைவிடக் கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

மூன்று பேரும் நடந்தோம். அவர் முன்னால், நாங்கள் பின்னால். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். சாமைக் கொல்லையைத் தாண்டி ஒற்றையடிப் பாதை ஏறியது. வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஏன் சொல்லாம வந்துட்ட?"

அவள் ஒரு பாறையைச் சுற்றி ஏறினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"சொன்னா நீங்க அழுவீங்க."

"நான் எங்க அழுதேன்?"

"கண்ணுல தண்ணி வந்தாதான் அழுவறதா? மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கினு, சரி போ, நான் பாத்துக்கறேன்னு சொல்லுவீங்க இல்ல. அத பாத்துட்டு என்னால பஸ் ஏற முடியல. அதான்."

நான் பையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டேன். சட்டைப் பையில் விண்ணப்பம் உறுத்தியது. அவளே அந்தப் பேச்சையும் எடுத்தாள்.

"அதுல நான் கையெழுத்து போட மாட்டேங்க. எனக்கு இந்த வேல புடிச்சிருக்குது. இங்க நான் போனா ஒரு பிரசவம் ஒழுங்கா நடக்கும், போலனா இல்ல. கீழ இருக்கும்போது எனக்கு இப்படி ஒரு நாளும் தோணினதில்ல."

"இத ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"எங்க சொல்றது? சீட்டுல எழுத சொன்னது சாப்பிட்டியா, யார்கூட இருக்க, எத்தினி மணிக்கு இன்னா பண்ண. வேல புடிச்சிருக்குதான்னு கேக்கவே இல்லியே." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நானும் சொல்லியிருக்கணும்தான்" என்றாள்.

அந்த வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள். வெளியே வந்து பெண்ணின் அப்பாவிடம், "பிரஷர் ஜாஸ்தியா இருக்குது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போயிடணும்" என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, யாரையும் பார்க்காமல், "காலையிலயே நான் வந்திருந்தா பஸ்ஸுலயே அனுப்பியிருக்கலாம்" என்றாள். எனக்காகச் சொல்லவில்லை. அது ஒரு நர்ஸ் போட்ட கணக்கு. பஸ் அப்போது போய்விட்டிருந்தது, ஆம்புலன்ஸும் வேறு ஊருக்குப் போயிருந்தது. ஒரு ஜீப் பிடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அந்தப் பெண்ணோடும் அவள் அப்பாவோடும் அதே ஜீப்பில் நானும் இறங்கினேன். வழியெல்லாம் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். வளைவுக்கு வளைவு நான் வேண்டிக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்து நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் ஆகியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கேரியர் போகவில்லை; இனி அனுப்ப மாட்டேன், காத்திருக்க வேண்டாம் என்று ஜீப் ஏறும்போதே அவளிடம் சொல்லியிருந்தேன். பூக்கார அம்மா, "இன்னா சார், சண்டையா?" என்றார். இல்லை என்றேன். மூன்றரை மணிக்கு உடம்பு தன்னால் எழுந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போனது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். காது சுட்டது, நெஞ்சு அடித்தது, போனை எடுத்துக் கண்டக்டர் நம்பர் வரைக்கும் போனேன். எதிரில் யாரோ கொண்டுவந்த மிக்ஸி கவிழ்ந்து கிடந்தது, சிவப்பு பட்டன் தட்டியபடி. சரி, பத்து நிமிஷம் விட்டுத்தான் பார்ப்போமே என்று போனை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். பத்து நிமிஷத்தில் அடங்கவில்லை, அரை மணி நேரம் பிடித்தது. ஆனால் அடங்கியது. அவள் வராமல், சீட்டு வராமல், தானாகவே. முப்பத்தாறு வயசில் இது எனக்குப் புது விஷயம். புதன்கிழமை இருபது நிமிஷம். வியாழக்கிழமை தோற்றுப்போனேன், கண்டக்டருக்கு போன் போட்டுவிட்டேன். அவர், "நர்சம்மா காலையிலயே மேல போயிட்டாங்களாம் சார், நான் பாக்கல" என்றார். அதைக் கேட்டதும் பயம் வரும் என்று நினைத்தேன். சந்தோஷம் வந்தது.

வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தின் கடைசி நாள். அதை எடுத்து மகளிடம் கொடுத்தேன். பின்பக்கம் யானை வரைந்தாள், ஐந்து கால் யானை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக என் அம்மாவைப் பார்க்கப் போனோம். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கதிரை எடுத்தேன். முப்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்மா, லாரி ஏறும்போது என்கிட்ட ஏன் சொல்லவே மாட்ட?"

"சொன்னா நீ அழுவ."

"அழுதா இன்னா? பசங்க அழுவாதா?"

அம்மா கையில் இருந்த கதிரை உரித்து முடித்துக் கூடையில் போட்டாள். "நீ அழுவறியேன்னு இல்லடா. நீ அழுதா எனக்குக் காலு எழும்பாது. நீ கைக்கொழந்தையா இருக்கும்போது ஒரு வருஷம் அப்டித்தான் ஏறாம நின்னுட்டேன். உங்கப்பா மட்டும் போனாரு. அந்த வருஷம் நாம இன்னா துன்னோம்னு எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் உன் மூஞ்சிய பாக்காமலே போயிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

என்னிடம் சொல்லிக்கொண்டு போகும் அளவுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். விட்டுப் போக முடியாத அளவுக்கு இருந்திருக்கிறேன். மனைவி ஒற்றையடிப் பாதையில் சொன்னதும் இதேதான், பஸ் ஏற முடியவில்லை என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சோளம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துண்டு கட்டிட்டுப் போன இல்ல, ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

"இல்லாம? உங்கப்பாவோட ஒரே நல்ல துண்டு அதுதான். அத ஏன்டி கட்டிட்டு வந்தன்னு லாரியில வழியெல்லாம் என்ன திட்டிக்கினே வந்தாரு." அம்மா சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், பல் இல்லாத வாய் முழுக்கத் தெரிய. எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கு என்று தெரியாமலே மகளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கே மகளை எழுப்பினோம். மனைவி அவளை மடியில் உட்கார வைத்து, "அம்மா வேலைக்குப் போறேன். சனிக்கிழமை சாயந்திரம் வந்துடுவேன்" என்றாள். மகள் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று பேரும் போனோம். மனைவி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் மகளுக்கு விஷயம் புரிந்தது. வாயைத் திறந்து ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், டீக்கடை பாய்லர் பக்கம் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலுக்குள் மனைவியின் கண்ணும் நிறைந்துவிட்டது.

கண்டக்டர் நல்ல மனுஷர், ஓடி வந்தார். "சார், பாப்பாவ அந்தாண்ட கடைப் பக்கம் தூக்கிக்கினு போங்க, பிஸ்கட் கிஸ்கட் வாங்கிக் குடுங்க. அது பாக்காதப்ப வண்டிய எடுத்துடறோம்."

அவர் காட்டிய பக்கம் என் கால் பாதி திரும்பிவிட்டது. நின்றேன்.

"வேணாங்க. பாக்கட்டும்" என்றேன்.

மகளைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். மனைவி கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டு, "போய்ட்டு வரேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, என் முகத்தை நேராகப் பார்த்து, எனக்கும் ஒரு தடவை சொன்னாள். "போய்ட்டு வரேங்க." நான், சரி போ, நான் பாத்துக்கறேன் என்று சொல்லவில்லை. "நல்லபடியா போய்ட்டு வா. எனக்குக் கஷ்டமாதான் இருக்குது, ஆனா போய்ட்டு வா" என்றேன். அவள் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தின சிரிப்பு.

பஸ் கிளம்பித் திரும்பி மறைகிற வரைக்கும் மகள் என் தோளில் அழுதாள், மறைந்த பிறகும் அழுதாள். நான் காக்காயைக் காட்டவில்லை, பிஸ்கட் வாங்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. நான்கைந்து நிமிஷம் இருக்கும். அழுகை தேம்பலாகி, தேம்பல் மூக்கு உறிஞ்சலாகி, நின்றது. என் சட்டைக் காலரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் பார்த்தாள். "பன்னு" என்றாள்.

பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். பாதி பன் தின்ற பிறகு, அம்மா எப்போது வரும் என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். கொஞ்ச நேரம் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லிட்டுதான போச்சு?"

"ஆமா, சொல்லிட்டுதான் போச்சு" என்றேன்.

அப்படியானால் சரி என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, மீதிப் பன்னைப் பாலில் முக்கினாள்.